60 கூற்றுகளை 16 ஆகச் சுருக்கியது: மாணவர் படைப்பாற்றல் வினாப்பட்டியல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் சேரும் ஆண்டிலும் படிப்பை முடிக்கும் ஆண்டிலும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்துவது வழக்கம். படிக்கும் முறை, உறக்கம், மன அழுத்தம், வேலை பற்றிய எதிர்பார்ப்பு என்று பல பகுதிகள் அதில் உண்டு. படைப்பாற்றல் அவற்றில் ஒன்று. இந்தப் பகுதியில் மட்டும் 60 கூற்றுகள் இருந்தன. தன் வயதும் அனுபவமும் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொரு கூற்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்து நிலைகளில் ஒன்றை மாணவர் குறிக்க வேண்டும்.

கூற்றுகள் ஐந்து களங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன: அன்றாட வாழ்க்கை, கல்வி சார்ந்த சிந்தனை, எழுத்தும் நிகழ்த்தலும், அறிவியலும் தொழில்நுட்பமும், ஓவியமும் வடிவமைப்பும். களத்துக்கு 12 கூற்றுகள். படைப்பாற்றலைக் களம் களமாகப் பார்ப்பது இத்துறையில் புதிதல்ல. 2012-இல் உளவியலாளர் ஜேம்ஸ் காஃப்மன் வெளியிட்ட அளவுகோலும் 50 கூற்றுகளை ஐந்து களங்களில் வைத்திருக்கிறது. கவிதை நன்றாக எழுதுபவருக்கு இயந்திரக் கோளாறைச் சரிசெய்ய வழி தோன்ற வேண்டும் என்று கட்டாயமில்லையே.

கணக்கெடுப்பின் மொத்த நேரத்தைக் குறைக்கச் சொல்லி நிர்வாகத்திலிருந்து கோரிக்கை வந்தது. எல்லாப் பகுதிகளையும் சுருக்க வேண்டும். படைப்பாற்றல் பகுதி ஒரு சிறிய குழுவிடம் வந்தது: திட்டத்தை நடத்தும் மூத்த பேராசிரியர், ஒரு புள்ளியியலாளர், ஒரு கல்வி உளவியலாளர், வினாப்பட்டியல் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்ட நான், தரவு சேகரிக்கும் ஆய்வு மாணவர்கள்.

நீண்ட வடிவத்தில் கண்டவை

முதலில் பழைய விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தோம். முன்பகுதியில் விடைகள் மேலும் கீழுமாகப் பரவியிருந்தன. பாதிக்கு மேல் போனதும் பலருடைய தாள்களில் ஒரே கட்டம் நேர்க்கோடாக இறங்கியது. 'எனக்குப் புதிய யோசனைகள் அடிக்கடி தோன்றும்' என்பதற்கும், அதன் எதிர்ப்பக்கமாக எழுதப்பட்ட 'புதிதாக யோசிப்பது எனக்குக் கடினம்' என்பதற்கும் ஒரே நபர் 'மிகவும் பொருந்தும்' என்று குறித்திருந்தார். இப்படிப்பட்ட தாள்கள் கடைசிப் பக்கங்களில்தான் அதிகம். ஆக, பின்னால் இருந்த களங்களின் மதிப்பெண்ணில் படைப்பாற்றலோடு களைப்பும் கலந்திருந்தது. நீண்ட வடிவம்தான் துல்லியம், குறுகியது ஒரு சமரசம் என்ற எண்ணத்தோடு உட்கார்ந்த எங்களுக்கு இது முக்கியமான தகவல்.

வகுப்பறையில் கணக்கெடுப்பை நடத்திய ஆய்வு மாணவி இன்னொன்றைச் சொன்னார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு மாணவர் கேட்டாராம்: "அக்கா, இதையேதானே முந்தின பக்கத்துலயும் கேட்டீங்க? நான் பொய் சொல்றேனான்னு பாக்குறீங்களா?" அவர் கேட்டது நியாயம்தான். சொற்களை மாற்றிப் போட்டு ஒரே பொருளைத் திரும்பக் கேட்கும் கூற்றுகள் பட்டியலில் நிறையவே இருந்தன.

வேறு கருவிக்கு மாறலாமா?

சுருக்குவதற்கு முன் இந்தக் கேள்வியையும் பேசித் தீர்த்தோம். படைப்பாற்றலை அளக்க உலகில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 1950-இல் கில்ஃபர்ட் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக ஆற்றிய உரைக்குப் பிறகு இந்தத் துறை வேகமாக வளர்ந்தது. 1966-இல் வந்த டோரன்ஸ் சோதனைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் அவை விரிசிந்தனையை, அதாவது ஒரே கேள்விக்குப் பல விடைகளைத் தேடும் சிந்தனையை, செயல்வழியே அளப்பவை. நேரம் வேண்டும், விடைகளுக்கு மதிப்பெண் போடப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் நிரப்பும் கணக்கெடுப்புக்குள் அவற்றை நுழைப்பது நடக்காத காரியம்.

சுய மதிப்பீட்டுக் கருவிகளில் ரன்கோவும் மற்றவர்களும் 2001-இல் வெளியிட்ட 23 கூற்றுகள் கொண்ட அளவுகோல் நீளத்தில் எங்களுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அது யோசனைகள் பிறக்கும் பழக்கத்தைத்தான் பார்க்கிறது, களங்களைப் பிரிப்பதில்லை. கார்சனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட சாதனைப் பட்டியல் பத்துத் துறைகளில் ஒருவர் உண்மையில் செய்து முடித்தவற்றைக் கேட்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த கருவி. ஆனால் வெளியான நூல், தேசிய அளவுப் பரிசு என்று படி ஏறும் பட்டியல் அது. முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்தால் பெரும்பாலோர் பெரும்பாலான துறைகளில் பூஜ்யத்திலேயே நிற்பார்கள்.

கடந்த ஆண்டுகளின் தரவோடு ஒப்பிட வேண்டிய தேவையும் இருந்தது. எனவே இருக்கும் 60-இலிருந்தே தேர்வு செய்வது என்று முடிவானது. கூடவே, கல்வி உளவியலாளர் வற்புறுத்தியதால், ஒரு பக்கத்தில் இதை எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம்: சுருக்கிய வடிவம் மாணவர் குழுக்களை ஒப்பிடுவதற்கு மட்டுமே, தனி மாணவர் எவரையும் எடைபோடுவதற்கு அல்ல. அந்த ஒரு பக்கம் பின்னால் எவ்வளவு கைகொடுக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

முதல் பட்டியலும் அதில் தெரிந்த சிக்கலும்

புள்ளியியலாளர் தொடங்கிய வழி எல்லோரும் தொடங்கும் வழிதான். மொத்த மதிப்பெண்ணோடு அதிகமாக ஒட்டி நிற்கும் கூற்றுகளை வரிசைப்படுத்தி மேலிருந்து 15-ஐ எடுப்பது. கூற்றுகளுக்கான விடைகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் ஒன்று உண்டு: கிரோன்பாக் 1951-இல் முன்வைத்த ஆல்ஃபா கெழு. இந்தப் பட்டியலுக்கு அது மிக உயர்வாக வந்தது. அதை மட்டும் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது.

ஆனால் 15-ஐயும் ஒரு தாளில் அச்சிட்டு, எண்களை மறைத்துவிட்டுப் படித்தபோது வேறு படம் தெரிந்தது. 'எனக்குப் புதிய யோசனைகள் அடிக்கடி தோன்றும்.' 'மற்றவர்களுக்குத் தோன்றாத யோசனைகள் எனக்குத் தோன்றும்.' 'யோசனைகளுக்கு எனக்குக் குறைவில்லை.' இப்படியே போனது பட்டியல். படம் வரைவது பற்றி ஒன்றுகூட இல்லை. பழுதான கருவியைப் பிரித்துப் பார்ப்பது, மேடையில் அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடுவது எல்லாம் காணாமல் போயிருந்தன. காரணம் எளிது. 'யோசனை' என்று பொதுவாகக் கேட்கும் கூற்று எல்லாக் களங்களோடும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டும். ஓவியம் பற்றிய கூற்று ஓவியத்தோடு மட்டும் ஒட்டும். மொத்தத்தோடு ஒட்டுவதை வைத்துத் தேர்ந்தெடுத்தால் முன்னது ஜெயிக்கும், பின்னது தோற்கும்.

ஆல்ஃபா உயர்ந்ததும் இதனால்தான். ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் விடைகள் ஒத்துப்போகத்தான் செய்யும். கூற்றுகள் ஒன்றுக்கொன்று நெருங்க நெருங்க நம்பகத்தன்மை (மதிப்பெண் தற்செயல் பிழை இல்லாமல் எவ்வளவு சீராக வருகிறது என்பது; 0 முதல் 1 வரை) ஏறும், அதே நேரத்தில் அளக்கப்படும் பொருள் ஒடுங்கும். இதை 1954-இலேயே ஜேன் லோவிஞ்சர் ஒரு முரண்பாடாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அப்படியிருந்தும் சுருக்கிய அளவுகோல்களில் இது மறுபடி மறுபடி நடக்கிறது. எண் நன்றாக வந்தால் கூற்றுகளைப் படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இங்கே குழுவுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. களங்கள் எல்லாவற்றையும் காப்பாற்றப் போனால் நம்பகத்தன்மை விழும் என்றார் புள்ளியியலாளர். எவ்வளவு விழும் என்பதற்குக் கணக்கே போட்டுக் காட்டினார். ஸ்பியர்மனும் பிரவுனும் 1910-இல் தனித்தனியே தந்த சூத்திரம் அது. 60 கூற்றுகளின் நம்பகத்தன்மை 0.92 என்று வைத்துக்கொள்வோம். அதே தரமுள்ள 15 கூற்றுகளாகக் குறைத்தால் 0.74 ஆகும். ஒரு களத்தின் 12 கூற்றுகளுக்கு 0.85 என்றால், மூன்றாகக் குறைக்கும்போது 0.59 ஆகிவிடும். "0.59-ஐ வச்சு யார்கிட்ட போய் என்ன சொல்றது?" என்றார்.

கல்வி உளவியலாளர் அந்தக் கணக்கை மறுக்கவில்லை. குழு சராசரிகளை ஒப்பிடும்போது நூற்றுக்கணக்கானவர்களின் பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று சமன்செய்துவிடும், அதனால் நம்பகத்தன்மையில் சற்று இறங்கலாம் என்பது அவர் வாதம். ஓவியக் களத்தையே விட்டுவிட்டால் எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அது திரும்பி வராது. கையெழுத்திட்ட பக்கத்தை எடுத்துப் பார்த்தோம். குழு ஒப்பீடு என்றுதான் இருந்தது. களங்களைக் காப்பது என்று முடிவு செய்தோம்.

மாணவர்களோடு உட்கார்ந்து படித்தது

களத்துக்கு மூன்று கூற்றுகள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு களத்தையும் உள்பிரிவுகளாகப் பிரித்தோம். எந்த உள்பிரிவிலிருந்தும் ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை. ஏறக்குறைய எல்லோரும் 'பொருந்தும்' என்று சொல்லிவிடும் கூற்றுகளை நீக்கினோம். எதிர்ப்பக்கமாக எழுதப்பட்டவற்றையும் விட்டோம். எந்தக் கூற்றுகளின் விடைகள் ஒன்றுசேர்ந்து நகர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் அவை களத்தோடு சேராமல் தங்களுக்குள் ஒரு தனிக்கூட்டமாக நின்றன. கவனமாகப் படிக்கிறார்களா என்று பார்க்க, மதிப்பெண்ணில் சேராத ஒரு வரியைத் தனியாக வைத்தோம்.

மிஞ்சிய கூற்றுகளைப் பல துறை மாணவர்களிடம் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லியபடி விடையளிக்கச் சொன்னோம். இந்த வேலையில் மிக அதிகம் கற்றுக்கொடுத்த கட்டம் இதுதான்.

'மற்றவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள்' என்ற கூற்று காரணிப் பகுப்பாய்வில் முதல் வரிசையில் இருந்தது. ஒரு பொறியியல் மாணவர் அதைப் படித்துவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "எதுக்கு சார் கேட்டு வருவாங்க? அசைன்மெண்ட்டுக்கா, பிராஜெக்ட் தலைப்புக்கா? அசைன்மெண்ட்னா எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க, நான் முதல்லயே முடிச்சிடுவேன்." மிக உயர்ந்த கட்டத்தைக் குறித்தார். அவர் அளந்தது தன் சுறுசுறுப்பை. வேறு பலரும் அந்தக் கூற்றில் நண்பர் வட்டத்தின் அளவையோ படிப்பில் உள்ள நற்பெயரையோதான் எண்ணிப் பார்த்தார்கள். அதை நீக்கினோம்.

நிகழ்த்தல் களத்தில் ஒரு மாணவி சொன்னது வேறு வகை. மேடையில் சொந்தமாக ஏதாவது செய்வது பற்றிய கூற்றைப் படித்துவிட்டு, "எனக்கு வாய்ப்பே கிடைச்சதில்ல. அப்ப பொருந்தாதுன்னு போடணுமா, தெரியாதுன்னு போடணுமா?" என்று கேட்டார். தெரியாது என்ற கட்டமே தாளில் இல்லை. ஒருவருடைய ஆற்றலும் அவருக்குக் கிடைத்த வாய்ப்பும் ஒரே மதிப்பெண்ணில் கலப்பது இத்தகைய அளவுகோல்கள் எல்லாவற்றிலும் உள்ள சிக்கல். வாய்ப்பு இல்லாவிட்டாலும் விடை சொல்லக்கூடிய கூற்றுகளுக்கு முன்னுரிமை கொடுத்தோம்.

மூன்றாவதாக வந்ததைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓவியக் களத்தில் நுண்கலை மாணவர்கள் தங்களுக்குக் குறைவாகப் போட்டுக்கொண்டார்கள். நாள் முழுக்க வரைகிறவர் ஒருவர் நடுக்கட்டத்தைக் குறித்துவிட்டுச் சொன்னார்: "எங்க வகுப்புல இருக்கிறவங்களப் பாத்தா நான் சுமார்தான்." அறிவுறுத்தலில் 'மற்றவர்களோடு ஒப்பிட்டு' என்று இருக்கிறது, யாரோடு என்பதை அவரவர் வகுப்பறை முடிவு செய்துவிடுகிறது. நான்கு ஆண்டு பயிற்சிக்குப் பிறகு ஒருவர் உண்மையிலேயே வளர்ந்திருந்தாலும், சுற்றியிருப்பவர்களும் வளர்ந்திருந்தால் மதிப்பெண் அசையாது. பழைய தரவோடு ஒப்பிட வேண்டியிருந்ததால் அறிவுறுத்தலை மாற்றவில்லை. ஆனால் துறைகளை ஒப்பிடும் ஒவ்வொரு அறிக்கையிலும் இதை எழுதியாக வேண்டும் என்று விதி வைத்தோம்.

புதிய தரவில் சோதனை

தேர்ந்தெடுத்த 15 கூற்றுகளைப் பழைய விடைத்தாள்களிலிருந்தே பிரித்தெடுத்து, 60-இன் மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஒட்டுறவு பிரமாதமாக வரும். வராமல் எப்படி இருக்கும்? 15-ம் அந்த 60-க்குள்தானே இருக்கின்றன. சுருக்கிய வடிவங்களை உருவாக்குவதில் நடக்கும் தவறுகளைப் பற்றி ஸ்மித், மெக்கார்த்தி, ஆண்டர்சன் மூவரும் 2000-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது: குறுகிய வடிவத்தைத் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதன்படி, முன்பு பங்கேற்காத மாணவர்களில் ஒரு பாதிக்கு முதலில் குறுகியது, சில வாரம் கழித்து நீண்டது. மறுபாதிக்கு வரிசை மாற்றி.

வெளி அளவுகோல்களாக இரண்டு வைத்தோம். அன்றாடப் பொருள் ஒன்றுக்கு வழக்கத்துக்கு மாறான பயன்களைச் சொல்லும் விரிசிந்தனைப் பயிற்சி ஒன்று, கடந்த ஓராண்டில் செய்தவற்றின் பட்டியல் இன்னொன்று. எது எதோடு ஒட்ட வேண்டும், எதோடு ஒட்டக் கூடாது என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்தோம். சுய மதிப்பீட்டுக்கும் விரிசிந்தனைப் பயிற்சிக்கும் இடையே பொதுவாகச் சிறிய ஒட்டுறவுதான் கிடைக்கும். அதையும் முன்கூட்டியே எழுதினோம், பின்னால் அதைக் காட்டி யாரும் கருவியைக் குறை சொல்லாதபடிக்கு.

கிடைத்த விளைவுகள்

நம்பகத்தன்மை, ஸ்பியர்மன்–பிரவுன் கணக்கு சொன்ன இடத்துக்கு அருகிலேயே வந்து நின்றது. விட்டுப்போன விடைகள் குறைந்தன. நேர்க்கோட்டுத் தாள்கள் அநேகமாக மறைந்தன. செய்தவற்றின் பட்டியலோடு களங்கள் எதிர்பார்த்தபடி ஒட்டின. தொழில்நுட்பக் களம் திட்டப்பணிகளோடு சேர்ந்தது, எழுத்தோடு சேரவில்லை.

இரண்டு இடங்களில் தடுமாற்றம். பழுதான கருவியைப் பிரித்துப் பார்ப்பது பற்றிய கூற்றுக்கு, களத்தின் மொத்த மதிப்பெண் ஒன்றாகவே இருந்தாலும், பொறியியல் மாணவர்கள் மற்றவர்களைவிட உயர்வாகப் போட்டார்கள். பாடத்திட்டத்திலேயே அது இருக்கிறது என்பதுதான் காரணம். அதற்குப் பதிலாக, அதே உள்பிரிவிலிருந்து எந்தத் துறைக்கும் பொதுவான ஒன்றை எடுத்துக்கொண்டோம். அடுத்தது அன்றாட வாழ்க்கைக் களம். மனிதர்களோடு பழகுவதில் வரும் சிக்கல், வீட்டு வேலை, பணத்தைத் திட்டமிடுவது என்று அது எங்கெங்கோ பரவிய களம். மூன்று கூற்றுகளால் தாங்கவில்லை. நான்காவது ஒன்றைச் சேர்த்தோம். 15 என்பது 16 ஆனது இப்படித்தான். இந்த இரண்டு மாற்றங்களையும் அடுத்து வந்த மாணவர்களிடம் மறுபடி சோதித்த பிறகே வடிவம் இறுதியானது.

ஒரு துறையின் கோரிக்கை

வடிவம் பயன்பாட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு துறைத் தலைவர் அணுகினார். புத்தாக்கப் பயிற்சி ஒன்றுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம். "உங்க 16 கேள்வியும் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுதாமே, அதை வச்சே வடிகட்டிடலாமே?" என்றார். அவர் கேட்டதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை. ஒரு கருவி குட்டையாகவும் சுலபமாகவும் ஆகும்போது, அது எதற்காக உருவானதோ அதைத் தாண்டிய இடங்களுக்கும் போய்விடுகிறது.

மறுப்பதற்குக் கணக்கையே காட்டினோம். நம்பகத்தன்மை 0.70 உள்ள ஒரு அளவில், ஒருவருடைய மதிப்பெண்ணில் உள்ள திட்டப்பிழை, திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவில்) சுமார் 0.55 பங்கு. 95 சதவீத எல்லை வைத்துப் பார்த்தால், சரியாகச் சராசரியில் நிற்கும் மாணவரின் உண்மையான இடம் ஒரு திட்ட விலக்கம் மேலேயும் இருக்கலாம், ஒன்று கீழேயும் இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் அடங்கிவிடுவார்கள். அதோடு, இடம் கிடைப்பது விடையைப் பொறுத்தது என்று தெரிந்தால் யார்தான் தனக்குக் குறைவாகப் போட்டுக்கொள்வார்? அந்த நுண்கலை மாணவரைப் போல நேர்மையாகத் தன்னை அளந்தவர்தான் வெளியே நிற்பார். எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

கையெழுத்திட்ட பக்கத்தையும் காட்டினோம். மாற்றாக, விண்ணப்பிப்பவர்கள் தாங்கள் செய்த ஒன்றைக் கொண்டுவரட்டும், துறை அறிந்த பலர் தனித்தனியே மதிப்பிடட்டும் என்றோம். தெரேசா அமபிலே 1982-இல் விளக்கிய ஒருமித்த மதிப்பீட்டு முறை அது. நேரம் பிடிக்கும்தான். துறைத் தலைவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, இந்தத் தடவை அப்படிச் செஞ்சு பாக்கலாம்" என்றார். செய்தும் பார்த்தார்கள். அதன் பிறகு வடிவத்தின் முதல் பக்கத்திலேயே, தேர்வுக்கும் தனிநபர் மதிப்பீட்டுக்கும் பயன்படுத்தக் கூடாது என்ற வரியை அச்சிடுகிறோம்.

அடுத்த முறை மாற வேண்டியவை

மாணவர்களோடு உட்கார்ந்து படிக்கும் கட்டம் காரணிப் பகுப்பாய்வுக்கு முன்னால் வர வேண்டும். 'யோசனை கேட்டு வருவார்கள்' போன்ற கூற்றுகள் அப்போதே கழிந்திருக்கும். நுண்கலை, இசை போன்ற சிறிய துறைகளிலிருந்து இன்னும் கூடுதலானவர்களைச் சேர்க்க வேண்டும். எங்கள் மாதிரியில் அவர்கள் குறைவாக இருந்ததால் அந்தத் துறைகளுக்கான ஒப்பீடு இன்னும் உறுதியாகவில்லை.

ஒப்பீட்டுச் சிக்கலுக்கு, 'மற்றவர்களோடு ஒப்பிட்டால்' என்பதோடு 'கடந்த ஓராண்டில் எத்தனை தடவை' என்று கேட்கும் சில கூற்றுகளையும் இணையாக வைத்துப் பார்க்கத் திட்டம் இருக்கிறது. வகுப்பறை மாறினாலும் எண்ணிக்கை மாறாது.

அப்புறம், சுருக்குவது என்ற தீர்வையே மறுபடி பேச வேண்டியிருக்கிறது. நோக்கம் குழு ஒப்பீடு மட்டும்தான் என்றால், 60 கூற்றுகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாணவருக்கும் அவற்றில் ஒரு பகுதியை மட்டும் குலுக்கல் முறையில் கொடுக்கலாம். ஒருவருக்கு 16 கூற்றுகள்தான் போகும், ஆனால் எல்லாக் கூற்றுகளும் யாராவது சிலரிடம் போய்ச் சேரும். தனிநபர் மதிப்பெண் என்று ஒப்பிடத்தக்க ஒன்று கையில் இருக்காது, வடிகட்டும் ஆசைக்கும் இடமிருக்காது. பகுப்பாய்வு கடினமாகும், தாள்களை அச்சிடுவதும் சிக்கல். கணினி வழியில் நிரப்பும் துறைகளில் அடுத்த சுற்றில் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.